அணைக்கும் வயதாகும்

மலேசியாவின் கெடாவில், மூடா ஆறு தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைக்காட்டில் பிறக்கிறது. அதன் போக்கில் விட்டிருந்தால் சிக் வட்டாரத்தைத் தாண்டி, ஜெனியாங் வழியாகத் தெற்கே இறங்கி, பாலிங் பக்கமிருந்து வரும் கெத்தில் ஆற்றையும் கூட்டிக்கொண்டு, கோலா மூடாவில் போய்க் கடலில் விழும். இன்றும் வரைபடத்தில் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் மேல் மூடாவின் தண்ணீரில் பெரும்பங்கு அந்த வழியே போவதில்லை. அணை கட்டி மறித்து, சாயோங் மலைக்குள் 6.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, வடக்கே பெடு ஏரிக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து பாடாங் தெராப் ஆற்றில் இறங்கி, பெலுபாங் தடுப்பணையில் கால்வாய்களாகப் பிரிந்து, அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள பெண்டாங் எனப்படும் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. தெற்கே ஓட வேண்டிய ஆறு வடமேற்கே ஓடி நெல் விளைவிக்கிறது.

இப்படி ஒரு திருப்பத்தைத் தமிழர்கள் முன்பே பார்த்திருக்கிறோம். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குக் கொண்டுவந்த முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைத் தேனி மாவட்டத்தில் இன்றும் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே உத்தி கெடாவில். ஒரு பள்ளத்தாக்கில் தண்ணீர் மிச்சம், இன்னொன்றில் தேவை, நடுவில் ஒரு மலை. கெடாவின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. மூடா அணைக்கு மழைநீர் வந்து சேரும் பரப்பு 984 சதுர கிலோமீட்டர். தேக்கும் இடமோ 160 மில்லியன் கன மீட்டர்தான். பெடுவுக்கு நீர் வரும் பரப்பு வெறும் 171 சதுர கிலோமீட்டர்; ஆனால் 1,073 மில்லியன் கன மீட்டர் பிடிக்கும். ஒன்று வாய் பெருத்தது, மற்றது வயிறு பெருத்தது. சுரங்கம் இரண்டையும் சேர்த்து வைத்தது.

1966-இல் தொடங்கிய வேலை 1970-இல் முடிந்தது. அணைக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

உலகத்தின் பெரிய அணைகளில் பெரும்பாலானவை 1930-க்கும் 1970-க்கும் இடையில் எழுந்தவை. ஐம்பது முதல் நூறு ஆண்டு என்று ஆயுள் போட்டுக் கட்டப்பட்டவை. அவை எல்லாம் ஒரே காலத்தில் கிழமாகி வருகின்றன என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் அறிக்கை ஒன்று 2021 ஜனவரியில் எச்சரித்தது. அதில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட அணைகளில் முல்லைப் பெரியாறும் ஒன்று. கட்டும்போது திறப்பு விழாவுக்கு நாள் குறித்தவர்கள் யாரும் மூடுவிழாவைப் பற்றி யோசித்ததில்லை. சாலைக்கும் பாலத்துக்கும் அது பெரிய குறையில்லை. அணை அப்படியல்ல. அதன் பின்னால் ஓர் ஏரி நிற்கிறது, ஏரிக்கு அடியில் மண் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

சில நாடுகள் மூடுவிழாவைத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் இதுவரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அணைகளை அகற்றியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 487 தடுப்புகளை எடுத்தார்கள். பெரும்பாலும் சின்னச் சின்னக் கட்டுகள், பழைய மாவு மில்லுக்குத் தண்ணீர் நிறுத்தியவை, யாருக்கும் பயன்படாமல் கிடந்தவை. பெரிய அணையை உடைப்பது வேறு கதை. அதில் உலகம் அதிகம் படித்த பாடம் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் நடந்தது.

எல்வா நீளமான ஆறல்ல. ஒலிம்பிக் மலைத்தொடரில் பனி உருகி, ஒரே ஓட்டமாகக் கடலுக்கு இறங்கிவிடும். அதன் சால்மன் மீன்கள் பேர்போனவை. சில நாற்பது கிலோவுக்கு மேல் தேறும் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறி, முட்டையிட்ட இடத்திலேயே செத்து, அந்த உடம்பையே காட்டுக்கு உரமாக்கிவிட்டுப் போகும் மீன் அது. 1910-இல் தாமஸ் ஆல்ட்வெல் என்பவர் கடலிலிருந்து எட்டு கிலோமீட்டரில் மின்சாரத்துக்காக அணை கட்டத் தொடங்கினார். மீன் ஏறிப் போக வழி விட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் அப்போதே சட்டம் இருந்தது. அவர் விடவில்லை. அதற்குப் பதில் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்று வைத்தால் போதும் என்று பேசி முடித்தார்கள். அந்தப் பண்ணையும் சில ஆண்டுகளில் மூடிக்கிடந்தது. அடித்தளம் பாறையில் சரியாகப் பதியாததால் 1912-இல் அணையின் அடிப்பகுதி பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டையை அடைத்து, 1913-இல் மின்சாரம் எடுத்தார்கள். 1927-இல் மேலே கிளைன்ஸ் கேன்யன் என்ற இடத்தில் 64 மீட்டர் உயரத்தில் இன்னொன்று எழுந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் மீன் ஏறிய ஆற்றில் சில ஆயிரம்தான் மிஞ்சின. அவையும் முதல் அணையின் அடியில் வந்து முட்டி நின்றன. ஆற்றோடு வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் தங்கள் இனம் தோன்றிய இடம் என்று நம்பும் பாறையும் ஏரிக்குள் போனது.

1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது: ஆற்றை மீட்க வேண்டும். கம்பி வேலி பிடுங்குவது போல அணையைப் பிடுங்கிவிட முடியாது. இரண்டு ஏரிகளின் அடியிலும் தொண்ணூறு ஆண்டு மண் கிடந்தது; மில்லியன் கணக்கான கன மீட்டர். ஒரே நாளில் உடைத்தால் அத்தனை மண்ணும் கீழே இருக்கும் போர்ட் ஏஞ்சலிஸ் நகரத்தின் குடிநீரிலும், மிஞ்சியிருந்த மீன்களின் மேலும் விழும். நகரத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களை முதலில் கட்டினார்கள். பிறகு, 2011 செப்டம்பரில்தான் முதல் கான்கிரீட் துண்டு விழுந்தது.

கிளைன்ஸ் கேன்யனில் வேலை நடந்த விதம் ஒரு வேடிக்கை. அணையின் பின்னால் ஏரியில் ஒரு மிதவை. மிதவை மேல் எக்ஸ்கவேட்டர். அதன் நுனியில் உடைக்கும் சம்மட்டி. தன்னைத் தாங்கி நிற்கும் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கும் சுவரையே அது தட்டித் தட்டி இறக்கியது. சுவர் சில அடி இறங்கினால் ஏரியும் அதே அளவு இறங்கும். மிதவையும் கூடவே இறங்கும். பிறகு நிறுத்துவார்கள். மீன் ஏறும் பருவத்தில் முற்றாக நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் ஆறு தானே ஏரிப்படுகையில் வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக்கொண்டு போகும். இயந்திரம் அணையை எடுக்க, மண்ணை ஆறு எடுத்தது. அத்தனை கவனத்துக்கும் பிறகும் 2012-இல் இலையும் சுள்ளியும் சேறும் வந்து புதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயை அடைத்துவிட்டன. மேல் அணை வேலை ஏறத்தாழ ஓராண்டு நின்றது. கடைசித் துண்டு 2014 ஆகஸ்டில் போனது.

கடலில் விழுந்த மண் வீணாகவில்லை. அணை வந்த நாள் முதல் மணல் கிடைக்காமல் கரைந்துகொண்டிருந்த முகத்துவாரத்தில் புதிய மணல் திட்டுகள் எழுந்தன, நண்டும் சிறு மீனும் வந்தன. ஏரி கிடந்த வெற்று நிலத்தில் லட்சக்கணக்கில் கன்று நட்டார்கள். மூழ்கிய அந்தப் பாறையும் மறுபடி வெளியே வந்தது. ஆனால் சால்மன் உடனே நிரம்பி வழியவில்லை. கிளாலம் மக்கள் பல ஆண்டுகள் தாங்களே மீன்பிடியை நிறுத்தி வைத்திருந்து, 2023-இல்தான் சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சிறு அளவு பிடித்தார்கள். அணையை உடைத்தால் மறுநாளே ஆறு பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் அந்தப் பொறுமையைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம், கலிபோர்னியா எல்லையில் கிளமாத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-இல் எடுத்து முடித்த சில வாரங்களிலேயே, நூறாண்டுக்கு மேல் எட்டாத இடங்களில் சால்மன் தென்பட்டது. ஆற்றுக்கு ஆறு கணக்கு வேறு.

நம் பக்கத்து ஆசியாவில் பெரிய அணையை முதலில் எடுத்த நாடு ஜப்பான். கியூஷு தீவில் குமா ஆற்றின் குறுக்கே அராசே அணை 1955-இல் முடிந்தது. 25 மீட்டர் உயரம், கதவு வைத்த அணை, மின்சாரத்துக்கு மட்டும். தேங்கிய தண்ணீர் நாற்றமெடுக்கிறது, வெள்ளத்தில் சேறு வீட்டுக்குள் வருகிறது, கதவிலிருந்து தண்ணீர் விழும்போது வீடு அதிர்கிறது என்று கரையோர மக்கள் பல்லாண்டு முறையிட்டார்கள். 2002-இல் குமமோத்தோ மாநில ஆளுநர் ஷியோதானி யோஷிகோ அகற்ற முடிவெடுத்தார். 2008-இல் வந்த ஆளுநர் கபாஷிமா இகுவோ செலவைக் காட்டி அதை நிறுத்தி வைத்தார். ஆனால் தண்ணீர் எடுக்கும் உரிமம் 2010 மார்ச்சில் காலாவதியானது. புதுப்பிக்க வேண்டுமானால் ஊராரின் சம்மதம் வேண்டும். கிடைக்கவில்லை. ஒரு பெரிய அணையை வீழ்த்தியது கடைசியில் காலாவதியான ஒரு தாள்தான். ஏப்ரலில் கதவுகளைத் திறந்தார்கள். 2012-இல் உடைக்கத் தொடங்கி 2018 மார்ச்சில் முடித்தார்கள். ஆற்றில் மறுபடி சுழிப்பும் சலசலப்பும் வந்தது. கற்களில் பாசி மேயும் அயு மீன் வந்தது. கடலோரச் சேற்றுத்திட்டில் மணல் சேர்ந்தது.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். 2020 ஜூலையில் அதே குமா ஆற்றில் பெருவெள்ளம். குமமோத்தோ மாநிலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அராசே வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணை அல்ல. அது இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது. ஆனாலும் வெள்ளத்துக்குப் பிறகு அதே ஆளுநர் கபாஷிமா, தாமே 2008-இல் வேண்டாம் என்று சொன்ன கவாபே கிளையாற்று அணையை, சாதாரண நாளில் தண்ணீரைத் தேக்காமல் ஓடவிடும் வடிவத்தில் கட்ட ஒப்புக்கொண்டார். ஒரே ஆற்றில் ஓர் அணையை எடுக்கிறார்கள், இன்னொன்றுக்குத் திட்டம் போடுகிறார்கள். இதை முரண்பாடு என்று கேலி செய்வது எளிது. அணை எதற்கு என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

கெடாவுக்கு இன்னும் அருகில் ஒரு பாடம் இருக்கிறது. தாய்லாந்தின் உபோன் ரத்சதானியில், மூன் ஆறு மேக்கோங்கில் சேர்வதற்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால், 1994-இல் முடிந்த பாக் மூன் அணை. உலக வங்கி கடன் கொடுத்தது. மீன் ஏற ஒரு படிக்கட்டும் வைத்தார்கள். சால்மன் தாண்டிக் குதிக்கும் என்று வடிவமைத்த படியை மேக்கோங்கின் மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி அணைக்கு முன் 265 வகை மீன் பதிவாகியிருந்த ஆற்றில், அணைக்கு மேலே பிறகு பிடிபட்டவை 96 வகை. அணையை யாரும் எடுக்கவில்லை. மீனவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2001 ஜூனில் ஓராண்டுக்குக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். மீன் திரும்பியது. அதை எண்ணியவர்கள் பெரும்பாலும் கிராமத்தாரே. அதன் பிறகு ஆண்டுக்குச் சில மாதம் திறப்பது என்று சமரசம் செய்தார்கள். உடைப்பதற்கும் அப்படியே விட்டுவைப்பதற்கும் நடுவில் கதவைத் திறப்பது என்ற ஒன்று இருக்கிறது. இது நமக்குப் பயன்படலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கெடாவின் சமவெளி அணைக்கு முன்பே மனிதர் கை பட்ட நிலம். 1885-இல் மந்திரி பெசார் வான் முகமது சமான் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் வரை முப்பது கிலோமீட்டருக்கும் மேல் ஒரே நேர்க்கோடாகக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். இரவில் விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்து, கோடு விலகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று கெடாவில் சொல்வார்கள். பழைய சாலையில் குரூணுக்குப் போகும்போது பக்கத்திலேயே கூட வரும் அந்தத் தண்ணீரை இன்றும் பார்க்கலாம். பாலத்துக்குப் பாலம் யாராவது தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அது சதுப்பை வடித்து நெல்வயலாக்கியது. அப்போதும் ஆண்டுக்கு ஒரு போகம்தான். மழை இருக்கும்போது நட்டு, மழை நின்றபின் அறுப்பது.

மலாயா விடுதலை பெற்றபின் அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் அரசாங்கத்தில் வலுத்தது. 1965-இல் உலக வங்கி 45 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் தந்தது. இரண்டு அணைகள், ஒரு சுரங்கம், கால்வாய்கள், கடலோரத்தில் உப்புநீர் ஏறாமல் கரையும் கதவுகளும். நிர்வகிக்க 1970-இல் மாடா என்று நாம் அழைக்கும் மூடா வேளாண் வளர்ச்சி வாரியம் அமைந்தது. ஏறத்தாழ 96,000 ஹெக்டேரில் இரண்டு போகம். 1989-இல் அஹ்னிங் அணையும் சேர்ந்தது. நாட்டின் நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இன்று இந்த நிலத்திலிருந்து வருகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை: மாடா வயல்களுக்கு வேண்டிய தண்ணீரில் ஏறத்தாழ பாதி நேரே மழையாக விழுவது. அணைகள் தருவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்தப் பங்குதான் வறண்ட மாதங்களில் நாற்றைக் காப்பாற்றுகிறது. 1978-இல் ஏரிகள் இறங்கிப்போனபோது வறட்சிப் போகத்தையே கைவிட வேண்டியதாயிற்று.

அதிகம் பேசப்படாத இழப்பு மீன். ஒரு போகம் இருந்த காலத்தில் வயலும் வாய்க்காலும் மாதக்கணக்கில் தண்ணீரோடு கிடக்கும். விரால், கெளுத்தி, பனையேறி, செப்பாட் எல்லாம் நெல்லுக்கு நடுவே வளரும். வயல் மூலையில் ஆழமாக ஒரு குழி தோண்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் வடியும்போது மீன் எல்லாம் அந்தக் குழிக்குள் ஒடுங்கும். அறுப்பு முடிந்ததும் இறைத்துப் பிடிப்பார்கள். நெல்லுக்கு அடுத்த வரும்படி அதுதான். செப்பாட் கருவாடு சந்தை சந்தையாகப் போகும். இரண்டு போகம் வந்ததும் வயல் ஆண்டில் இரண்டு முறை காய்ந்தது, பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வந்தன. மீன் குறைந்துவிட்டது என்று 1970-களிலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அறுவடை இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபின், காட்டு நெல்லாகிய 'பாடி அங்கின்' பெருகி இன்றுவரை விவசாயிகளைத் தொல்லைப்படுத்துகிறது. கூலிக்கு அறுத்தவர்களின் கதையை ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978 முதல் 1980 வரை மாடா கிராமமொன்றில் தங்கி எழுதினார். அந்தப் புத்தகம் 1985-இல் வந்தது. ஏழைகள் சத்தமில்லாமல் எப்படி எதிர்க்கிறார்கள் என்பதைப் படிக்க உலகப் பல்கலைக்கழகங்கள் இன்றும் கெடாவின் அந்தக் கிராமத்துக்குத்தான் போகின்றன.

நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் சமவெளிக்கு வெளியே. பெடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டத்தின் நெல் அலோர் ஸ்டார் பக்கம் விளைந்தது. தண்ணீரைக் கொடுத்த ஆறு தோட்டங்களின் பக்கம் ஓடியது. அந்தக் கீழ் மூடாவின் கதை யாரும் கொண்டாடாத கதை. மேல் தண்ணீரை வடக்கே திருப்பியபின், மிஞ்சிய ஆற்றின்மேல் பாரம் ஏறிக்கொண்டே போனது. பினாங்கு தன் குடிநீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை லாஹார் தியாங்கில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது. அதற்கு விலை என்ன என்று இரண்டு மாநிலங்களும் ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகின்றன. வறட்சியில் கீழ் மூடாவுக்குத் தண்ணீர் விட என்று 2004-இல் சிக்கில் பெரிஸ் அணை வந்தது. ஓர் அணை எடுத்துக்கொண்டதை ஈடுகட்ட இன்னோர் அணை என்று சொன்னால் பொறியாளர்கள் முகம் சுளிப்பார்கள். அது முழு உண்மையும் இல்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இதற்கிடையில் மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகையே தாழ்ந்துவிட்டது என்று ஆய்வுகள் காட்டின. மேலிருந்து வரும் மணலை அணை பிடித்துக்கொள்கிறது, கீழே இருப்பதை லாரி ஏற்றிக்கொண்டு போகிறது. ஆறு எங்கே போகும்?

அந்த ஆறு முடியும் இடத்தில் இருக்கிறது கோலா மூடாவின் கிசுகிசுச் சந்தை. படகு கரைக்கு வந்ததும் மீன் கூடையைச் சுற்றி வியாபாரிகள் நிற்பார்கள். ஒவ்வொருவராக மீன்காரரின் தோளில் கைபோட்டு, காதோடு காதாக விலையைச் சொல்வார்கள். யார் என்ன சொன்னார் என்று மற்றவருக்குத் தெரியாது. கூடுதலாகச் சொன்னவருக்கு மீன் போகும். ஆற்றின் தண்ணீரைப் பங்கு போட்ட கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான் முடிந்தது. கீழ்க்கரையில் இருந்தவர்களின் காதில் யாரும் விலையைச் சொல்லவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

சரி, மூடா அணையை எடுத்துவிட்டால்?

எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. எல்வாவும் அராசேயும் மின்சார அணைகள். மின்சாரத்தை வேறு இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம், கம்பியில் வரும். நெல்லுக்கு வேண்டிய தண்ணீர் கம்பியில் வராது. மூடா அணை போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் இல்லை, சுரங்கம் வறண்டால் பெடு ஏரி தன் 171 சதுர கிலோமீட்டரை நம்பி நிரம்ப வேண்டும், அது நடக்காது. வறட்சிப் போகம் போகும். ஐம்பது ஆண்டுகளாக இரண்டு போகத்தை நம்பி வாங்கிய கடன், கட்டிய வீடு, நெல் ஆலை, மாடாவின் ஊழியர்கள், நாட்டின் அரிசிக் கையிருப்பு எல்லாம் அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. முல்லைப் பெரியாற்றிலும் இதேதான். கேரளம் பழைய அணையை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு முடியாது என்கிறது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டம் அதை நம்பி இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொல்லியும் தகராறு தீரவில்லை. ஆற்றைத் திசை திருப்பிய அணைக்கு எதிரி இரண்டு பக்கமும் உண்டு. கட்டியதால் இழந்தவர் ஒரு பக்கம். எடுத்தால் இழப்பவர் மறு பக்கம்.

ஆகவே அகற்றுவது கேள்வியல்ல. அணை தானாகச் சாகாமல் பார்த்துக்கொள்வது கேள்வி. அணையைக் கொல்வது பெரும்பாலும் விரிசல் அல்ல, மண். இதைக் கேமரன் மலையில் கண்ணால் பார்த்தோம். 1963-இல் கட்டிய ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணைக்கு மேலே காய்கறித் தோட்டங்களுக்காக மலையைச் சுரண்டியதில், 6 மில்லியன் கன மீட்டரைச் சற்றே தாண்டும் அந்தச் சிறிய ஏரி பாதிக்கும் மேல் மண்ணால் நிரம்பியது. நிரம்பிய ஏரியில் கனமழையை வாங்க இடம் இல்லை. 2013 அக்டோபர் இரவில் கதவைத் திறந்து தண்ணீர் விட்டபோது, கீழே பெர்தாம் வேலியில் வீடுகள் போயின, உயிர்கள் போயின. அணை உடையவில்லை. உடையாமலேயே அவ்வளவும் நடந்தது.

மூடாவுக்கும் பெடுவுக்கும் மேலே இருப்பது உலு மூடா காடு. ஏழு காப்புக்காடுகள், ஏறத்தாழ 160,000 ஹெக்டேர். ஏரிக்குள் இன்னும் பட்ட மரங்களின் மொட்டைத் தலைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரில் மூழ்கிய பழைய காட்டின் மிச்சம் அவை. கரையில் நிற்கும் உயிருள்ள காடுதான் இப்போது மழையைப் பிடித்து, மண்ணைப் பிடித்து, மூன்று மாநிலங்களுக்குத் தண்ணீரை மெல்ல மெல்ல விடுகிறது. அதிலும் மரம் வெட்ட அனுமதி கொடுப்பது பற்றிய சர்ச்சை அரசாங்கம் மாறினாலும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. வெட்டினால் வரும் காசு மாநிலத்துக்கு, வெட்டாமல் வைத்தால் வரும் தண்ணீர் பினாங்குக்கும் சேர்த்து என்றால், எங்களுக்கு என்ன ஈடு என்று கெடா கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சாய்ந்த மலையிலிருந்து மண் இறங்குவதற்கு நியாயம் தெரியாது. 2022 ஜூலை 4-இல் பாலிங் கூபாங்கில் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டையும் சேர்ந்து இறங்கி மூன்று பேரைக் கொண்டுபோனது. இயற்கையா, மலைமேல் வெட்டிய தோட்டமா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. அந்தச் சேறு கடைசியில் போய்ச் சேர்ந்ததும் மூடா ஆறுதான்.

செய்யக்கூடியவை பெரிய அணைகளில் இல்லை, அவற்றைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஏரிகளின் அடியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள், எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடலாம். கால்வாயிலும் ஓடையிலும் பயனில்லாமல் கிடக்கும் சின்னத் தடுப்புகளை ஐரோப்பியர்கள் எடுப்பது போல எடுக்கலாம். ரப்பரை ஷீட்டாக்க ஆலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். அதற்கென ஓடைகளை மறித்த தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டன. மறித்த சுவர் இன்னும் நின்றால், யாருக்காக நிற்கிறது? பாக் மூனில் செய்தது போலத் தடுப்பணைக் கதவுகளை மீன் ஏறும் மாதங்களில் எப்போது, எவ்வளவு திறப்பது என்று சோதித்துப் பார்க்கலாம். இவை எதற்கும் அணையின் ஒரு கல்லைக்கூடத் தொட வேண்டியதில்லை.

கடைசியாக, முடிவுக்கான கணக்கு. மூடா சுரங்கம் ஒருநாள் பழுதானால், பெடுவின் அடி ஒருநாள் நிரம்பினால், தண்ணீர் எங்கிருந்து வரும், மண் எங்கே போகும், நெல்லை எங்கே விளைவிப்பது, கோலா மூடாவுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது. இதைக் கணக்கிடவே காலம் பிடிக்கும். எல்வாவில் சட்டம் வந்தது 1992-இல், முதல் கான்கிரீட் துண்டு விழுந்தது 2011-இல், பத்தொன்பது ஆண்டுகள். அராசேயில் முடிவெடுத்தது 2002-இல், வேலை முடிந்தது 2018-இல், பதினாறு. இரண்டுமே கெடாவின் வேலையோடு ஒப்பிட்டால் சிறியவை. அந்தக் கணக்கை இந்த ஆண்டே தொடங்கினாலும், அது முடியும்போது மூடா அணைக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.